பிரசவத் தொற்றில் நின்றுபோகும் கிட்னி: டயாலிசிஸ் என்றால் ஆயுளுக்குமா?

"ஒரு தடவை டயாலிசிஸ் ஆரம்பிச்சிட்டா அப்புறம் ஆயுசுக்கும் விடாது" என்று ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் உறவினர்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். உள்ளே படுத்திருப்பது பிள்ளை பெற்று நாலைந்து நாளே ஆன பெண். காய்ச்சல் வந்தது, பிரஷர் இறங்கியது, இப்போது சிறுநீர் இறங்கவில்லை, டயாலிசிஸுக்குக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். வெளியே நிற்பவர்களுக்குத் தெரிந்த டயாலிசிஸ் எல்லாம், இருபது வருடச் சர்க்கரை நோய்க்குப் பிறகு வாரம் மூன்று நாள் போய்வரும் பக்கத்துத் தெருப் பெரியவருடையதுதான். அதை வைத்தே இந்தப் பெண்ணுக்கும் கணக்குப் போட்டுத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் கழியும் சில மணி நேரம் ஆபத்தானது.

பெரியவருக்கு வந்ததும் இந்தப் பெண்ணுக்கு வந்ததும் வேறு வேறு நோய். அவருடைய சிறுநீரகம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாகிச் சுருங்கிப்போனது, இனி திரும்பாது. இவளுடைய சிறுநீரகம் போன வாரம் வரை நன்றாக இருந்தது, இரண்டு மூன்று நாளில் வேலையை நிறுத்திவிட்டது. இதைத் திடீர் சிறுநீரகச் செயலிழப்பு என்கிறோம். உயிருக்கு இது பெரிய ஆபத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொற்றைத் தாண்டி உயிர் பிழைத்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு வாரக்கணக்கில் சிறுநீரகம் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஏன் நிற்கிறது, எப்படித் திரும்புகிறது, யாருக்குத் திரும்பாமல் போகிறது என்று பார்ப்போம்.

கர்ப்பத்தில் கிட்னி செய்யும் கூடுதல் வேலை

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரானின் முன்பக்கத்தில், ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சு ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் நீளமான ஒரு நுண்குழாய். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. ஆனால் நாம் கழிப்பது ஒன்று, ஒன்றரை லிட்டர்தான். மீதி முழுவதையும், அதிலுள்ள உப்பு, சர்க்கரையோடு சேர்த்து, நுண்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. ஓயாமல் நடக்கும் இந்த வேலைக்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும். அதனால்தான் ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் அடிவாங்குவது வடிகட்டும் முடிச்சு அல்ல, இந்த நுண்குழாய்ச் செல்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பத்தில் வடிகட்டும் வேகம் கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடுகிறது. ரத்தத்தில் கழிவு குறைகிறது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளில் ஒன்றான கிரியேட்டினினின் அளவும் இறங்குகிறது. கர்ப்பிணிக்கு அது சாதாரணமாக 100 மி.லி. ரத்தத்தில் 0.4 முதல் 0.8 மி.கி. வரைதான் இருக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. லேப் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவு கர்ப்பிணிகளுக்கானது அல்ல. 1.1 என்று வந்தால் பக்கத்தில் எந்தக் குறியும் போட்டிருக்காது. வீட்டில் எல்லோரும் "நார்மல்தான்" என்று நிம்மதியாவார்கள். அந்தப் பெண்ணுக்குப் போன மாதம் 0.5 இருந்திருந்தால், இது இரண்டு மடங்குக்கும் மேல். செயலிழப்பு தொடங்கிவிட்டது என்று பொருள்.

இன்னொரு மாற்றம், ஹார்மோன்களாலும் கர்ப்பப்பையின் அழுத்தத்தாலும் சிறுநீர்ப் பாதை விரிந்து தளர்ந்துவிடுகிறது. வலது பக்கம் கூடுதலாக விரியும். தேங்கும் சிறுநீரில் கிருமி எளிதாக மேலே ஏறும். எரிச்சல், கடுப்பு எதுவுமே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பதும் கர்ப்பத்தில் சகஜம், அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை தொற்று போகலாம். முதல் செக்கப்பிலேயே யூரின் கல்ச்சர் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தொற்று எங்கிருந்து வருகிறது

நஞ்சுக்கொடி பிரிந்த இடம் கர்ப்பப்பைக்குள் ஒரு திறந்த புண். கிருமி அங்கே ஏறிவிட்டால் நேராக ரத்தத்தில் கலக்க வழி இருக்கிறது. பனிக்குடம் உடைந்து நெடுநேரம் பிரசவமாகாமல் இருப்பது, திரும்பத் திரும்ப உள்பரிசோதனை செய்வது, நஞ்சுத் துண்டு உள்ளேயே தங்கிவிடுவது, சிசேரியன் காயம் ஆகியவை இதற்கு வழி திறந்துவிடுகின்றன. சுத்தமில்லாத இடத்தில், தகுதியில்லாதவர் கையால் செய்துகொண்ட கருக்கலைப்பு இன்னும் மோசம். ஈ.கோலி, ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகியவை முக்கியக் கிருமிகள். இரண்டாவது கிருமி மிக வேகமானது, காலையில் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்குமாக இருந்த பெண்ணை மாலைக்குள் நினைவில்லாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். எல்லாத் தொற்றும் கர்ப்பப்பையிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. நிமோனியா, மலேரியா, மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் இவையும் கர்ப்பிணியின் சிறுநீரகத்தை நிறுத்தக்கூடியவை.

கிருமி இருப்பது மட்டும் செப்சிஸ் ஆகாது. கிருமியை எதிர்க்கும் முயற்சியில் உடம்பே நிலைகுலைந்து, உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கும் நிலைதான் செப்சிஸ். கர்ப்பம், பிரசவம், கருக்கலைப்புக்குப் பின், பிரசவத்துக்குப் பின் என்று எந்தக் கட்டத்தில் வந்தாலும் அதைத் தாய்மைக்கால செப்சிஸ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என 2017ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. பிரசவத்துக்குப் பின் என்றால் பொதுவாக 42 நாள் வரை. வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிவிட்டது என்பதால் ஆபத்து முடிந்துவிடவில்லை.

நம் வீடுகளில் இதைத் தவறவிடும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: "பால் கட்டியிருக்கு, அதான் காய்ச்சல்." மார்பில் பால் கட்டினால் லேசாக உடம்பு சுடும், உண்மைதான். ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் போகும் காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் உதிரப்போக்கு, படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு 110ஐத் தாண்டுவது, மூச்சு வாங்குவது, பேச்சு குழறுவது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பால் கட்டைக் காரணம் சொல்லிக் காத்திருக்கக் கூடாது. கடுமையான தொற்றில் காய்ச்சலே இல்லாமல் உடம்பு குளிர்ந்துபோவதும் உண்டு. பிரசவ நேரத்தில் வெள்ளை அணுக்கள் இயல்பாகவே கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் சில நேரம் குழப்பும். ஆளைப் பார்த்து முடிவெடுப்பதுதான் சரி.

கர்ப்பப்பைத் தொற்றுக்குக் கிட்னி ஏன் நிற்க வேண்டும்?

இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல், சிறுநீரகங்களுக்குப் போகிறது. செப்சிஸில் உடம்பெங்கும் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, அவற்றின் சுவரிலிருந்து நீர் கசிந்து திசுக்களுக்குள் போய்விடுகிறது. முகமும் காலும் வீங்குகின்றன, ஆனால் குழாய்க்குள் ரத்தம் போதவில்லை. பிரஷர் இறங்குகிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கும் சேர்ந்திருந்தால் இது இரட்டைச் சுமை.

பிரஷர் குறைந்ததால் கிட்னி நின்றது என்று மட்டும் நீண்ட காலம் நம்பினார்கள். கதை அதோடு முடியவில்லை. செப்சிஸில் சிறுநீரகத்துக்கு மொத்த ரத்த ஓட்டம் போதுமான அளவு இருக்கும்போதுகூட அது செயலிழக்கலாம். ரத்தத்தில் சுற்றும் நச்சுப்பொருட்களும் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களும் வடிகட்டி வழியே நுண்குழாய்க்குள் வந்து அங்குள்ள செல்களைத் தாக்குகின்றன. நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஓட்டம் அங்கங்கே தடைபடுகிறது. செப்சிஸில் இறந்தவர்களின் சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஆய்வாளர்களுக்கு வியப்பாக இருந்தது: செயல் முழுக்க நின்றிருந்தும், அந்த அளவுக்குச் செல்கள் செத்துக் கிடக்கவில்லை. பல செல்கள் உயிரோடுதான் இருந்தன. ஆபத்துக் காலத்தில் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அவை வேலையை நிறுத்திவைக்கின்றன என்பது இன்று பலர் ஏற்கும் விளக்கம்.

நின்ற கிட்னி திரும்பும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுதான். செத்துப்போன நுண்குழாய்ச் செல்களின் இடத்தையும், பிழைத்த செல்கள் பெருகி நிரப்பிக்கொள்ளும். வெயிலில் கருகிய புல்தரை வேர் இருந்தால் துளிர்த்துவிடும் அல்லவா, அப்படி. வேரே போய்விடும் நிலையும் ஒன்று இருக்கிறது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

சிறுநீர்ப் பையும் ஒரு கணக்கும்

ஐ.சி.யூ. கட்டிலின் ஓரத்தில் கீழே தொங்கும் சிறுநீர்ப் பையைக் கவனித்திருப்பீர்கள். சில பைகளின் மேல்பக்கம் கோடு போட்ட சிறிய அளவுப்பெட்டி இருக்கும். நர்ஸ் மணிக்கொரு முறை குனிந்து அதைப் பார்த்து, சார்ட்டில் எழுதிவிட்டு, பைக்குள் கவிழ்த்துவிடுவார். அந்தச் சார்ட்டில்தான் முதல் எச்சரிக்கை தெரியும். கணக்கு எளிது: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு அரை மி.லி. சிறுநீராவது வர வேண்டும். 55 கிலோ பெண்ணுக்கு மணிக்கு சுமார் 28 மி.லி. தொடர்ந்து ஆறு மணி நேரம் அதற்குக் கீழே போனால் சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது என்று கொள்கிறார்கள். 48 மணி நேரத்தில் கிரியேட்டினின் 0.3 கூடினாலும், ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கானாலும் அதே பொருள்தான்.

இரண்டில் சிறுநீர் அளவே முந்திக்கொள்ளும். கிரியேட்டினின் மெதுவாகத்தான் ஏறும். சிறுநீரகம் இன்று முழுவதும் நின்றாலும் ரத்தத்தில் கழிவு சேர நேரமாகும், நாளைக்கு ரிப்போர்ட்டில் 1.6 என்று மட்டுமே காட்டலாம். "1.6தானே" என்று அலட்சியப்படுத்தக் கூடாது. அது நேற்றைய நிலவரம்.

சிறுநீர் வரவில்லை என்றதும் மருத்துவர்கள் முதலில் பார்ப்பது குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்பதைத்தான். அப்புறம் ஒரு ஸ்கேன். அறுவை சிகிச்சையின்போது சிறுநீர்க் குழாயில் காயம்பட்டு அடைத்துக்கொள்வது அரிது, ஆனால் அது வேறு பிரச்சினை, அதற்கு வைத்தியமும் வேறு.

சிகிச்சையில் கிட்னிக்கென்று தனி மருந்து கிடையாது. கேட்பதற்கு ஏமாற்றமாக இருக்கும். தொற்றை அடக்குவதுதான் கிட்னிக்கும் வைத்தியம். செப்சிஸ் என்று தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் போக வேண்டும். உள்ளே தங்கிய நஞ்சுத் துண்டை எடுக்க வேண்டும், சீழ் இருந்தால் வடிக்க வேண்டும், எதற்கும் அடங்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்கும் முடிவும் வரலாம். பிரஷரைத் தூக்கி நிறுத்த சலைன், அது போதாவிட்டால் ரத்தக்குழாய்களை இறுக்கும் மருந்தான நார்அட்ரினலின். சலைன் அளவுக்கு மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், ஆகவே "இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க, யூரின் வரும்" என்பது சரியான யோசனை இல்லை. சிறுநீரைக் கூட்டும் லாசிக்ஸ் ஊசியும் அப்படித்தான். ஊசி போட்டதும் சிறுநீர் வந்தால் தேங்கிய நீர் குறையும், அவ்வளவே. அடிபட்ட சிறுநீரகத்தை அது குணப்படுத்தாது.

டயாலிசிஸ் எதற்கு, எப்போது

1943ல் நெதர்லாந்தின் கம்பென் நகரில் வில்லம் கோல்ஃப் என்ற மருத்துவர், செல்லோஃபேன் குழாயை உருளையில் சுற்றி, நடைமுறையில் பயன்பட்ட முதல் டயாலிசிஸ் இயந்திரத்தைச் செய்தார். முதலில் அதில் வைத்த நோயாளிகள் அநேகமாக எல்லோரும் இறந்துபோனார்கள். 1945ல் 67 வயதுப் பெண் ஒருவர் பித்தப்பைத் தொற்றோடு, சிறுநீரகம் நின்று, நினைவிழந்த நிலையில் வந்தார். 11 மணி நேர டயாலிசிஸுக்குப் பிறகு கண் விழித்தார். அவருடைய சிறுநீரகம் மறுபடி வேலை செய்யத் தொடங்கியது, ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்தார். அந்த இயந்திரம் காப்பாற்றிய முதல் உயிரே தொற்றில் திடீரென்று நின்ற சிறுநீரகம்தான். ஆயுள் முழுவதும் டயாலிசிஸ் என்பது சாத்தியமானதே 1960ல், அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் கையில் நிரந்தரக் குழாய் வைக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு. ஆக, "ஆரம்பித்தால் விடாது" என்ற பேச்சு டயாலிசிஸின் பாதி வரலாற்றை மட்டும் வைத்துச் சொல்வது.

டயாலிசிஸ் சிறுநீரகத்தைக் கெடுத்துப் பழக்கப்படுத்திவிடும் என்பதும் தவறு. சிறுநீரகம் ஆறும்வரை அதன் வேலையை வெளியிலிருந்து செய்கிறது, அவ்வளவுதான். பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும் அபாயம், ரத்தத்தில் அமிலம் மிகுவது, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறுவது, யூரியா ஏறி நினைவு தப்புவது அல்லது இதய உறை அழற்சி, இவற்றில் ஏதாவது மருந்துக்கு அடங்காவிட்டால் உடனே செய்தாக வேண்டும். அங்கே யோசிக்க நேரமில்லை.

அப்படி அவசரம் எதுவும் இல்லாதபோது முன்கூட்டியே ஆரம்பித்தால் நல்லதா? 2020ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 15 நாடுகளில் தீவிர சிகிச்சையில் இருந்த சுமார் 3,000 பேரிடம் இதைச் சோதித்தது. சீக்கிரம் ஆரம்பித்ததால் கூடுதலாக உயிர்கள் பிழைக்கவில்லை. மூன்று மாதம் கழித்தும் டயாலிசிஸை நம்பியிருந்தவர்களும் சீக்கிரம் ஆரம்பித்த குழுவில்தான் அதிகம். எனவே மருத்துவர் "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. அவரே "இப்போதே செய்ய வேண்டும்" என்றால், பேப்பரை வாங்கிக் கையெழுத்துப் போடுங்கள்.

குழாய் எங்கே போடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். திடீர்ச் செயலிழப்பில் கழுத்து நரம்பிலோ தொடை நரம்பிலோ தற்காலிகக் குழாய் போடுவார்கள். நீண்டகால நோயாளிக்குக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலா வேறு. இரண்டு மூன்று வாரம் கழித்தும் தேவைப்பட்டால் தோலுக்கடியில் செலுத்தி நெஞ்சுப் பக்கம் வெளிவரும் பெர்ம்காத் குழாய்க்கு மாற்றுவார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், தேவை முடிந்ததும் அதையும் எடுத்துவிடலாம். பிரஷர் நிலையாக இல்லாத பெண்ணுக்கு வழக்கமான நாலு மணி நேர டயாலிசிஸைத் தாங்க முடியாது. எட்டு, பத்து மணி நேரம் மெதுவாகவோ, நாள் முழுக்கத் தொடர்ந்தோ செய்வார்கள். அதிக நேரம் ஓடுவதால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் வருகிறது. தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தால் முதல் நாளே காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுவிடுவது நல்லது, பில் ஏறிய பிறகு கேட்டால் சிக்கல்.

சிறுநீர் முதலில், சுத்தம் அப்புறம்

மீட்சி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் தொடங்கும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். எப்படித் தெரியும்? ஒரு கற்பனைச் சார்ட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம் நாள் முழுவதும் சேர்ந்து 90 மி.லி. சிறுநீர். பன்னிரண்டாம் நாள் 350. பதினாலாம் நாள் 900. பதினாறாம் நாள் 2,600 மி.லி.! குடும்பமே கொண்டாடுகிறது. அதே நாள் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 6.8. போன தடவை 6.7. "இவ்வளவு யூரின் போகுது, கிரியேட்டினின் குறையவே இல்லையே" என்று எல்லோரும் சோர்ந்துபோவார்கள்.

நுண்குழாய்கள் திறந்துகொண்டுவிட்டன, வடிகட்டுதல் தொடங்கிவிட்டது. ஆனால் புதிதாக முளைத்த செல்களுக்குத் தண்ணீரையும் உப்பையும் திரும்ப இழுக்கும் திறமை இன்னும் வரவில்லை. அதனால் நீர் கொட்டுகிறது, கழிவு அந்த அளவுக்குப் போகவில்லை. இரண்டு மூன்று நாளில் கிரியேட்டினின் ஏறாமல் நிற்கும். அப்புறம் டயாலிசிஸ் இல்லாமலேயே 6.1, 4.9, 3.4 என்று இறங்கத் தொடங்கும். மருத்துவர் எதிர்பார்ப்பது இந்த இறக்கத்தைத்தான். டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுத்த ரத்தத்தில் அளவு குறைந்திருப்பது இயந்திரத்தின் வேலை. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பதுதான் சிறுநீரகத்தின் வேலை.

சிறுநீர் கொட்டும் இந்தக் கட்டத்திலும் ஆபத்து உண்டு. உடம்பு வறண்டு, பொட்டாசியமும் சோடியமும் இறங்கி, ஆறிக்கொண்டிருக்கும் சிறுநீரகம் மறுபடி அடிவாங்கலாம். போகும் அளவைப் பார்த்துத் தண்ணீரும் உப்பும் ஈடு கட்ட வேண்டும். நம் ஊர்ப் பத்தியம் இங்கேதான் குறுக்கே வரும். "பச்ச உடம்பு, தண்ணி அதிகம் குடிக்கக் கூடாது" என்று பிரசவித்த பெண்ணுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் அது நேரடியான கெடுதல். இதற்கு நேர்மாறானது இளநீர். கிட்னிக்குக் குளிர்ச்சி என்று சிறுநீர் வராத நாட்களில் இளநீர் வாங்கி வந்து நிற்பார்கள். ஒரு டம்ளர் இளநீரில் 400 முதல் 600 மி.கி. வரை பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரே போகாத உடம்பில் அது இதயத்தை நிறுத்தக்கூடிய பொருள். வாழைப்பழம், ஆரஞ்சு ஜூஸுக்கும் இதே கதைதான். முதல் வாரத்தில் கூடாத இளநீரை மூன்றாவது வாரத்தில் மருத்துவரே குடிக்கச் சொல்லலாம். ஒரே நோயாளிக்கு ஒரே பத்தியம் ஒரு மாதம் முழுக்கச் செல்லாது என்பதால், அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். புரதத்தை மட்டும் வீட்டாராகக் குறைக்க வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவருக்கு முட்டை, பருப்பு போன்றவை அளவோடு தேவை.

பால் விஷயம் யாரும் கேட்காமல் விடுவது. குழந்தை வேறு வார்டில், தாய் ஐ.சி.யூ.வில். தாய்க்கு நினைவு தெளிந்து உடம்பு தாங்கும் நிலை வந்ததும், பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருந்தால் சுரப்பு நிற்காது. பால் கொடுப்பதால் சிறுநீரகத்துக்குக் கேடு இல்லை. போகும் மருந்துகள் குழந்தைக்கு ஒத்துவருமா என்பதே கேள்வி, அதை மருத்துவரிடம் கேட்டுவிடலாம்.

திரும்பாமல் போவது

மூன்று நான்கு வாரமாகியும் சிறுநீர் துளிகூட இல்லை என்றால் மருத்துவர்கள் ஒன்றைச் சந்தேகிப்பார்கள்: சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணி முழுவதும் ரத்தமின்றிச் செத்துப்போவது. முன்னே சொன்ன வேர் போன நிலை இதுதான். வடிகட்டும் முடிச்சுகள் இருப்பது புறணியில். நுண்குழாய்ச் செல் செத்தால் இன்னொன்று முளைக்கும், வடிகட்டும் முடிச்சு செத்தால் புதிதாக வராது.

ஏன் இது பிரசவத்தோடு சேர்ந்து வருகிறது? பிரசவ ரத்தப்போக்கைச் சமாளிப்பதற்காகக் கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் உறையும் நிலையில் இருக்கிறது. தொற்றின் நச்சு அதோடு சேரும்போது சிறுநீரகத்தின் சிறிய ரத்தக்குழாய்கள் முழுக்க உறைகட்டிகளால் அடைபடலாம். இதைக் காட்டும் பழைய விலங்குச் சோதனை ஒன்று உண்டு. சாதாரண முயலுக்குப் பாக்டீரியா நச்சை ஒரு நாள் இடைவெளியில் இரண்டு தடவை ஊசி போட்டால்தான் சிறுநீரகப் புறணி செத்தது. கர்ப்பமாக இருந்த விலங்குக்கு ஒரே ஊசி போதுமானதாக இருந்தது. கர்ப்பமே முதல் ஊசியின் வேலையைச் செய்துவிட்டிருக்கிறது.

கான்ட்ராஸ்ட் என்ற சாயத்தை ரத்தத்தில் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் உள்பகுதி வெளுத்து ஒளிர, புறணி மட்டும் கறுப்பு வளையமாகத் தெரியும். தேவைப்பட்டால் பயாப்ஸியும் எடுப்பார்கள். புறணி முழுவதும் போயிருந்தால் தொடர் டயாலிசிஸ், பிறகு சிறுநீரக மாற்று என்றுதான் போக வேண்டியிருக்கும். அங்கங்கே மட்டும் போயிருந்தால் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துக்கூட ஓரளவு செயல் திரும்பி டயாலிசிஸை விட்டவர்கள் உண்டு.

எல்லாவற்றையும் தொற்றின் தலையில் கட்டிவிடவும் கூடாது. தொற்று அடங்கிய பிறகும் பிளேட்லெட் ஏறாமல், சிவப்பணுக்கள் உடைந்துகொண்டே, கிரியேட்டினின் கூடிக்கொண்டே போனால் நுண்ரத்தக்குழாய்களில் உறைகட்டி சேரும் வேறொரு நோய் இருக்கலாம். பிரசவத்தை ஒட்டி வெளிப்படும் அந்த நோய்க்கு வேறு சிகிச்சை இருக்கிறது, அது நேரத்தோடு செய்ய வேண்டியது. சிறுநீரக மருத்துவரை ஆரம்பத்திலேயே அழைக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாராணசியின் சிறுநீரக மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த கணக்கு இங்கே சொல்ல வேண்டியது. 1982 முதல் 1991 வரை அங்கே திடீர் சிறுநீரகச் செயலிழப்போடு வந்தவர்களில் சுமார் 15 சதவீதம் கர்ப்பம், பிரசவம், கருக்கலைப்பு தொடர்பானவர்கள். பிந்தைய பத்தாண்டுகளில் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. டயாலிசிஸ் இயந்திரங்கள் அதிகமானதால் இது குறையவில்லை. கருக்கலைப்பு சட்டத்துக்குள், மருத்துவமனைக்குள் வந்ததும், பிரசவங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாறியதும்தான் பெரும்பங்கு.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆகும்போது கிரியேட்டினின் 1.4 இருக்கலாம். இன்னும் இறங்கும். மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனைதான் முடிவைச் சொல்லும்: கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், பிரஷர். அதற்குப் பிறகும் குறை இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்ற கணக்கில் சேரும். எல்லாம் சரியாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை அடிபட்ட சிறுநீரகத்துக்குப் பிற்காலத்தில் பிரஷரும் சிறுநீரக நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நடைமுறையில் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ஒரு தேதிகூடத் தவறாது, தாயின் யூரின் டெஸ்ட் யார் நினைவிலும் இருக்காது.

வலி மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகளைத் தவிர்க்க வேண்டும். சிசேரியனுக்குப் பிறகு சாதாரணமாகக் கொடுக்கும் மாத்திரைதான் டைக்ளோஃபெனாக், அதனால் மெடிக்கலில் இடுப்புவலிக்கு என்று கேட்டாலும் அதையே எடுத்துக் கொடுப்பார்கள். பாராசிட்டமால் போதும். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத லேகியம், பொடி, சூரணம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்த குழந்தை? கர்ப்பப்பை இருந்து, சிறுநீரகம் நன்றாகத் திரும்பியிருந்தால் முடியும். ஆனால் தானாக அமையட்டும் என்று விடாமல் திட்டமிட்டே போக வேண்டும், அதுவரை கருத்தடை. சிறுநீரகம் முழுதும் குணமான பெண்களுக்கும் அடுத்த கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வரும் பிரீஎக்லாம்சியா அதிகம் வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. கர்ப்பம் உறுதியானதும் முதல் செக்கப்பிலேயே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, அன்றைய கிரியேட்டினினை எடுத்து வைத்துக்கொண்டு, 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் மருத்துவர்களுக்குப் பழைய கதை தெரிய வழியில்லை, முதல் பிரசவத்தைப் பார்த்த மருத்துவமனையாகவே அது இருக்கும் என்று சொல்ல முடியாது.